அன்னையின் நாள் கண்ட அன்னா ஜார்விஸ் அம்மையார்

தோற்றுவாய்

உலகிற் பிறந்தார் யாவர்க்கும் பொதுவாகிய உறவு ஒன்று உண்டெனின், அது தாய் என்னும் உறவேயாம். மனைவியைப் பெறாதார் உளர். மக்களைப் பெறாதார் உளர். உடன்பிறந்தாரின்றித் தனித்துப் பிறந்தாரும் உளர். தாயின்றிப் பிறந்தார் ஒருவரும் இலர். சமயங்கள் பலவும் தாயைப் போற்றுமாறு மக்களைப் பணித்திருப்பது இதனாற்றான் போலும். சீனாய் மலையில் இஸ்ரவேலர்க்கு அருளப்பெற்ற பத்துக் கற்பனைகளுள், மக்கள் மக்கட்குச் செய்யவேண்டிய கடன்களுள் தலைமையாக நிற்பது தாய்தந்தையரைக் கனம்பண்ணும் கடனே. சிலுவையிலே உயிர்விடும் வேளையிலும் நம் இரட்சகர் தம் தாயாரை மறந்தாரல்லர். தமக்கு அன்பான சீடரிடம் அவரை ஒப்புவித்த பின்னரே கண்மூடினார். ஔவையாரின் கொன்றைவேந்தனை அன்னை என்னுஞ் சொல்லாலே தொடங்கிப் பயின்ற தமிழ்ச் சிறார்க்கு இக்கடன் புதியதன்று.

ஆயினும், ஆண்டில் ஒரு நாளைத் தாய்க்கென்றே ஒதுக்கிக் கொண்டாடும் வழக்கம் வேறு. மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று உலகின் பல நாடுகளிலும், நம் நாட்டுத் திருச்சபைகள் பலவற்றிலும் இந்நாள் கொண்டாடப்படுகின்றது. வழிவழி வந்த தொன்மையான விழாவே இது என எண்ணுவார் பலர். உண்மையில் இதன் வயது நூற்றாண்டினும் சிறிதே மிகுந்ததாகும். இதனை நிறுவியவர் ஒரு பெண்மணி. அவர் மணம் புரிந்தாரல்லர், மக்களைப் பெற்றாரல்லர். தாம் அரும்பாடுபட்டு நிறுவிய விழாவினோடே பின்னர்த் தாமே போராடி, பொருளிழந்து, உடல்நலமும் இழந்து மறைந்தவர் அவர். அன்னா ஜார்விஸ் என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

தாயார்

அன்னா அம்மையாரை அறிய விரும்புவார் முதற்கண் அவரை ஈன்ற தாயாரை அறிதல் வேண்டும். மகளார் செய்தனவெல்லாம் தாயார் விதைத்த வித்தின் விளைவே ஆதலின். ஆன் மரியா ரீவ்ஸ் என்னும் அத்தாயார், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய வர்ஜீனியாவில், 1832ஆம் ஆண்டில், மெதடிஸ்டு போதகர் ஒருவர்க்கு மகளாகத் தோன்றினார். 1850ஆம் ஆண்டில் கிரான்வில் ஜார்விஸ் என்பாரை மணந்து, மலைகள் சூழ்ந்த மேற்குப் பகுதியிலே வெப்ஸ்டர் என்னும் சிற்றூரில் இல்லறம் நடத்தலானார். அவர் ஈன்ற மக்கள் பத்தின் மேற்பட்டவர். வளர்ந்து ஆளானவர் நால்வரே. டைபாய்டு என்னும் நச்சுக்காய்ச்சலும், தொண்டையடைப்பானும், மணல்வாரியும் அந்நாளில் அம்மலையூர்களில் குழந்தைகளை வாரிக்கொண்டு சென்றன. ஒரு குழியின் மண் உலருமுன் மறு குழி தோண்டும் கொடுமையை ஆன் அம்மையார் தம் வாழ்நாளிற் பன்முறை கண்டார்.

துயருற்றார் பலர் அழுது ஓய்வர். சிலரே அத்துயர் பிறர்க்கு வாராதிருக்க வழி தேடுவர். ஆன் அம்மையார் அச்சிலருள் ஒருவர். அவர் 1858ஆம் ஆண்டில் வெப்ஸ்டர், கிராப்டன், பிலிப்பி, பிரண்டிடவுன், பெட்டர்மன் என்னும் ஐந்து ஊர்களிலுள்ள தாய்மாரை ஒன்றுகூட்டித் தாய்மார் பணிக்கழகங்களை நிறுவினார். மருத்துவராகிய அவர்தம் உடன்பிறந்தார் ஜேம்ஸ் ரீவ்ஸ் அக்கழகத்தார்க்கு நோய் தடுக்கும் முறைகளைக் கற்பித்தார். வீட்டையும் நீரையும் தூய்மையாக வைத்தல், குழந்தைகட்கு விற்கும் பாலைச் சோதித்தல், ஏழைகட்கு மருந்து வாங்கப் பொருள் திரட்டல், காசநோயுற்ற தாய்மாரின் இல்லங்களில் வேலை செய்ய ஆள் அமர்த்தல் ஆகியவை அக்கழகங்களின் பணிகளாயின.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1861ஆம் ஆண்டில், அடிமை வழக்கம் காரணமாக, அமெரிக்க நாட்டில் வடபுலத்தார்க்கும் தென்புலத்தார்க்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. வர்ஜீனியாவின் மேற்குப் பகுதியோ இரு புலத்திற்கும் இடைப்பட்டுக் கிடந்தது; ஒரே தெருவில், ஏன், ஒரே குடும்பத்தில், ஒருவன் வடவர் படையிலும் மற்றொருவன் தென்னவர் படையிலும் சேர்ந்தான். பணிக்கழகம் இருந்த பிலிப்பியிலேயே 1861ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போரின் தொடக்கச் சண்டைகளுள் ஒன்று நிகழ்ந்தது. கிராப்டன் இருப்புப்பாதைகள் கூடும் ஊராதலின் அங்கே படைகள் வந்து குவிந்தன. படைகளோடு நோய்களும் வந்தன. அவ்வேளையில் ஆன் அம்மையார் தம் கழகத்தார் எப்பக்கமும் சாராமல், எந்நிறச் சீருடை அணிந்தவனாயினும் நோயுற்றானுக்குப் பணிபுரிய வேண்டும் என உறுதி கொள்ளச் செய்தார். உடுக்க இல்லாதார்க்கு உடையும் பசித்தார்க்கு உணவும் நோயுற்றார்க்கு மருந்தும் அத்தாய்மாரால் இருதிறப் படைஞர்க்கும் கிடைத்தன.

1865ஆம் ஆண்டில் போர் முடிந்தது, பகை முடிந்திலது. ஊர் திரும்பிய வீரர் ஒருவரையொருவர் முகங்கொடுத்துப் பார்த்திலர். ஆன் அம்மையார் 1868ஆம் ஆண்டில் பிரண்டிடவுன் நீதிமன்றத்தின்கண் தாய்மார் நட்புநாள் என ஒரு நாளைக் குறித்து, இருதிற வீரரையும் அவர்தம் குடும்பத்தாரையும் வரவழைத்தார். கலகம் விளையும் என அஞ்சித் தடுத்தார் பலர். அம்மையார் அஞ்சினாரல்லர். இருதிறத்தார் பாடல்களும் அங்கே இசைக்கப்பட்டன. பகைத்து நின்றவர் கைகுலுக்கிக் கண்ணீர் உகுத்துப் பிரிந்தனர். சட்டமும் படையும் செய்யமாட்டாததனைத் தாய்மாரின் அழைப்பு அன்று செய்தது.

இளமையும் கல்வியும்

இத்தகைய தாயார்க்கு 1864ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளில், வெப்ஸ்டரில், அன்னா பிறந்தார். அப்பகுதி வர்ஜீனியாவினின்றும் பிரிந்து மேற்கு வர்ஜீனியா என்னும் தனி நாடாகி அப்போது ஓராண்டும் நிரம்பவில்லை. குழந்தை தவழும் பருவத்திலேயே குடும்பம் அணித்தேயுள்ள கிராப்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1873ஆம் ஆண்டில் எழுந்த ஆண்ட்ரூஸ் மெதடிஸ்டு ஆலயத்தில் ஆன் அம்மையார் பல்லாண்டுகள் ஓய்வுநாட் பள்ளியின் ஆசிரியராக இருந்து சிறார்க்கு வேதபாடம் கற்பித்தார்.

1876ஆம் ஆண்டில் ஒரு நாள், வேதத்திற் காணும் தாய்மாரைப் பற்றிய பாடத்தை முடித்து, அவர் செய்த செபம் ஒன்று வரலாற்றில் இடம்பெற்றது. மனித குலத்திற்குத் தாய்மார் ஆற்றிவரும் ஒப்பற்ற தொண்டினை நினைவுகூர என்றேனும் எவரேனும் ஒரு நாளை நிறுவ வேண்டும் என்பதே அவ்வேண்டுதல். பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிய அன்னா அதனை அங்கிருந்து கேட்டார். கேட்ட பிறர் மறந்திருப்பர், அவர் மறந்திலர்.

தாயாரின் தூண்டுதலால் அன்னா உயர்கல்வி பெற்றார். பெண்கள் கல்லூரி புகுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், வர்ஜீனியாவைச் சார்ந்த ஸ்டான்டன் நகரிலுள்ள அகஸ்டா பெண்கள் கல்விக்கூடத்தில் 1881ஆம் ஆண்டு முதல் ஈராண்டு பயின்று திரும்பினார். பின்னர்க் கிராப்டன் பள்ளியிற் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்; தாயாரோடு ஆலயப் பணியிலும் ஈடுபட்டார். அதன்பின் ஊரை விட்டுப் பிலடெல்பியா என்னும் பெருநகரை அடைந்து, ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் ஏற்றார். அக்கம்பெனியின் விளம்பரங்களையும் வெளியீடுகளையும் எழுதித் திருத்தும் பதவிக்கு உயர்ந்த முதற் பெண்மணி அவரே என்பர். விளம்பரத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர் அவர் என்பதனை நண்பர்கள் நினைவில் இருத்துக. பின்னர் நிகழ்ந்தவற்றிற்கு அது பெரிதும் பொருந்தும்.

அன்னையின் பிரிவு

1902ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். இதயநோயால் தளர்ந்த தாயாரை அன்னா தம்மோடு பிலடெல்பியாவில் வைத்துப் பேணினார். 1905ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் ஆன் அம்மையார் தமது எழுபத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அன்னாவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. இருபத்தொன்பது ஆண்டுகட்கு முன் ஓய்வுநாட் பள்ளியிற் கேட்ட வேண்டுதலைத் தாமே நிறைவேற்றுவதாக அவர் தாயின் கல்லறையருகே உறுதி பூண்டார் என்று கூறுவர்.

பிரிவுத்துயர் எல்லார்க்கும் உண்டு. ஆயின் நாளாக நாளாக அது தணிவதே இயல்பு. அன்னாவுக்கோ அது நாளும் வளர்ந்தது. தாயிருந்த காலத்தில் செய்யாது விட்ட சிறு சிறு அன்புகளை எண்ணி எண்ணி மக்கள் பின்னர் வருந்துகின்றனர்; தாய் உயிரோடிருக்கும்போதே அவ்வன்பை உணர்த்த ஒரு நாள் வேண்டும் என்னும் எண்ணம் அவர்பால் வேரூன்றியது.

விழாவின் தோற்றம்

1908ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கிராப்டன் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் முதல் அன்னையின் நாள் ஆராதனை நடந்தது. தாயார் நெடுங்காலம் கற்பித்த ஆலயமே அதற்கு ஏற்ற இடமாயிற்று. அன்னா நேரிற் செல்லவில்லை. வெண்ணிறக் கார்னேஷன் மலர்கள் ஐந்நூற்றை அனுப்பிவைத்தார். அது தாயார் விரும்பி வளர்த்த மலர். அதன் இதழ்கள் வாடுங்கால் உதிர்ந்து சிதறாமல் ஒன்றையொன்று தழுவியபடியே உள்நோக்கிக் குவியும். இறக்கும்போதும் மக்களை நெஞ்சோடு அணைத்திருக்கும் தாயின் அன்பிற்கு அது குறியாகும் என்பது அன்னா கண்ட பொருள். அன்று பிற்பகலில் பிலடெல்பியாவில், ஜான் வானமேக்கர் என்னும் பெருவணிகரின் கடைமாளிகை அரங்கில், மற்றொரு கூட்டம் நிகழ்ந்தது. ஐயாயிரவர் அமரும் அவ்விடத்தில் பதினையாயிரவர் வந்து நெருங்கினர் என்பர். அங்கே அன்னா பேசினார்.

அதே ஆண்டில் நெப்ராஸ்கா நாட்டுப் பிரதிநிதியாகிய பர்க்கெட் என்பார், இந்நாளை நாடு தழுவிய நாளாக ஏற்குமாறு அமெரிக்கச் செனட் சபையில் தீர்மானம் கொணர்ந்தார். மாமியார்க்கும் ஒரு நாள் வேண்டுமே என்று நகையாடிச் சபையார் அதனைத் தள்ளினர். அன்னா தளர்ந்தாரல்லர். ஆளுநர்கட்கும், அமைச்சர்கட்கும், போதகர்கட்கும், பத்திரிகையாளர்கட்கும் ஆயிரக்கணக்கிற் கடிதங்கள் எழுதினார். 1910ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியா ஆளுநர் அந்நாட்டில் இவ்விழாவை அறிவித்தார். பிற நாடுகள் தொடர்ந்தன. 1912ஆம் ஆண்டில் அன்னா இவ்விழாவிற்கென அனைத்துலகச் சங்கம் ஒன்றனைச் சட்டப்படி பதிவு செய்தார். இன்ஷியூரன்ஸ் உத்தியோகத்தையும் துறந்து இதற்கே தம்மை ஒப்புவித்தார்.

1914ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் சபை, மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையின் நாளாகத் தீர்மானித்தது. மறுநாள், 9ஆம் நாள், குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதனை நாட்டிற்கு அறிவித்து, அரசாங்கக் கட்டடங்களில் கொடியேற்றுமாறு பணித்தார். ஆன் அம்மையார் மறைந்ததும் மே 9ஆம் நாளே என்பது கருதத்தக்கது. சரியாக ஒன்பது ஆண்டுகளில், செல்வமும் பதவியும் இல்லாத ஒரு பெண்மணி, தம் தாயின் வேண்டுதலை ஒரு பெரிய தேசத்தின் சட்டமாக்கிவிட்டார்.

ஒருமையும் பன்மையும்

ஈண்டு இலக்கணம் பயிலும் யாம் ஒரு நுண்மையைச் சுட்ட விரும்புகின்றோம். இந்நாளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், உடைமைப் பொருளைக் காட்டும் சிறு குறி எவ்விடத்து நிற்கவேண்டும் என்பதில் அன்னா அம்மையார் மிகக் கண்டிப்பாக இருந்தார். அது தாய் என்னும் ஒருமைச் சொல்லின்பின் நிற்றல் வேண்டும்; தாய்மார் என்னும் பன்மைச் சொல்லின்பின் நிற்றல் கூடாது. உலகத்துத் தாய்மார் அனைவரையும் ஒருங்கு சேர்த்துப் புகழும் நாளன்று அது. ஒவ்வொரு மகனும் மகளும் தன்னை ஈன்ற ஒரே தாயை நினைந்து, அவரிடம் திரும்பிச் செல்லும் நாள். தம்முடைய தாயே தமக்குத் தலைசிறந்தவர் என ஒவ்வொருவரும் கருதற்குரிய நாள். தமிழில் நாம் அன்னையர் தினம் எனப் பன்மையில் வழங்குகின்றோம். அம்மையார் தமிழறிந்தவராயின் அன்னையின் நாள் எனவே ஆறாம் வேற்றுமை விரித்து ஒருமையில் வழங்குமாறு நம்மை வற்புறுத்தியிருப்பார்.

ஆயின் ஆன் அம்மையாரின் பணிக்கழகங்களோ பன்மைப் பெயர் பூண்டவை. அவர் வேண்டியது, தாய்மார் கூடி உலகிற்கு ஆற்றும் தொண்டினை நினைவுகூரும் நாள். தாயார் பன்மையில் எண்ணினார். மகளார் ஒருமையில் எண்ணினார். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், அன்னா அம்மையாரின் பிற்கால வாழ்க்கையின் பெருமையும் துயரமும் இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

வணிகரோடு போர்

விழா பரவிய விரைவிலேயே வணிகர் அதனுள் நுழைந்தனர். முதலில் மலர் விற்போர் நுழைந்தனர். மே மாதம் வந்ததும் கார்னேஷனின் விலை பன்மடங்கு ஏறியது. வெண்மலர் போதாமற்போகவே, தாயை இழந்தார் வெண்மலரும், தாய் உயிரோடிருப்பார் செம்மலரும் அணிக எனப் புதுவழக்கம் ஒன்றனைப் பரப்பினர். அடுத்து மிட்டாய் விற்போரும், வாழ்த்து அட்டை அச்சிடுவோரும் நுழைந்தனர். எளிய ஆராதனையும், ஒரு மலரும், மகன் தாய்க்குத் தன் கைப்பட எழுதும் ஒரு கடிதமும் போதும் என அன்னா கருதிய நாள், பத்தாண்டுகளில் பெருஞ்சந்தையாயிற்று.

அச்சிட்ட அட்டையை அவர் பெரிதும் வெறுத்தார். உலகில் மற்றெவரினும் தனக்கு மிகுதியாகச் செய்த ஒருத்திக்கு நான்கு வரி எழுதச் சோம்புகின்றவனே பிறர் எழுதிய சொற்களை விலைக்கு வாங்கி அனுப்புவான் என்பது அவர் கருத்து. மிட்டாய்ப் பெட்டியைக் கொண்டுவரும் மகன் அதிற் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடுவான் என்றும் அவர் எள்ளினார். தாம் ஆதரவு பெற்ற வானமேக்கர் மாளிகையின் உணவறையில் அன்னையின் நாள் எனப் பெயரிட்ட உணவு ஒன்று விற்கப்படுவது கண்டு, அதனை வருவித்து, தரையிற் கொட்டி, விலையையும் வைத்துவிட்டு வெளியேறினார் என ஒரு செய்தி வழங்குகின்றது. மலர் விலையேற்றத்தை முறியடிக்கக் கார்னேஷன் உருப் பொறித்த பொத்தான்களை இலவசமாக வழங்கினார். நாளின் பெயரைப் பொருளீட்டப் பயன்படுத்தினார் மீது வழக்குத் தொடுத்தார், தொடுப்பதாக அச்சுறுத்தினார்.

1923ஆம் ஆண்டில் மிட்டாய் வணிகர் கூட்டம் ஒன்றனுட் புகுந்து எதிர்த்தார். 1925ஆம் ஆண்டில், போரில் மக்களை ஈடுபடுத்திய அமெரிக்கத் தாய்மாரின் சங்கம் பிலடெல்பியாவில் மாநாடு கூட்டி, பொருள் திரட்டக் கார்னேஷன் விற்றபோது, அங்கும் சென்று எதிர்த்தார். அமைதியைக் குலைத்தார் எனக் காவலர் அவரைச் சிறைப்படுத்தினர். பின்னர் அக்குற்றச்சாட்டு தள்ளப்பட்டது. 1934ஆம் ஆண்டில் அரசாங்கத்தார், ஓவியர் விஸ்லர் தீட்டிய தம் தாயாரின் ஓவியத்தை மூன்று சென்ட் தபால் முத்திரையாக வெளியிட்டனர். மூல ஓவியத்தில் இல்லாத மலர்க்குவளை ஒன்று முத்திரையிற் சேர்க்கப்பட்டிருந்தது. மலர் வணிகர்க்கு அரசாங்கமே செய்யும் விளம்பரம் அது என அன்னா சீறினார்.

இப்போராட்டத்தில் அவர் செய்தனவெல்லாம் செம்மையே என யாம் கூறத் துணியோம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நாடு வேலையின்மையால் வாடியபோது, வறுமையுற்ற தாய்மார்க்கும் குழந்தைகட்கும் உதவ, இந்நாளை ஒட்டிப் பொருள் திரட்டிய அறநிலையங்கள் இருந்தன. அவற்றையும் அன்னா அம்மையார் வணிகரோடு ஒருங்கே வைத்து எதிர்த்தார். தாயை இரக்கத்திற்குரியவளாக்குவதாகும் இது என்பது அவர் வாதம். ஆயினும், ஏழைகட்கு மருந்து வாங்க வீடுதோறும் பொருள் திரட்டிய ஆன் அம்மையார் அவ்வேளை உயிரோடிருப்பின், எப்பக்கம் நின்றிருப்பார்? மகளார் பக்கம் நின்றிரார் என்றே யாம் எண்ணுகின்றோம். தாயின் நினைவைக் காப்பதிலே கண்ணூன்றியவர், தாயின் பணியைச் சிலபோது காணாது விட்டார். ஒருமையைக் காக்கப் போய்ப் பன்மையை இழந்தார்.

எனினும், ஒன்றனை மறுத்தற்கியலாது. அவர் இந்நாளால் தமக்கென ஒரு காசும் ஈட்டினாரல்லர். விளம்பரத் தொழிலின் நுணுக்கமெல்லாம் அறிந்தவர். விரும்பியிருப்பின் அந்நாளின் பெயரை விற்றுப் பெருஞ்செல்வராயிருத்தல் கூடும். அவரோ தம் பொருளையும், தமக்கு வந்த குடும்பப் பொருளையும் கடிதங்களிலும் வழக்குகளிலும் செலவிட்டுத் தீர்த்தார்.

இறுதி நாட்கள்

முதுமையில் அன்னா அம்மையார் பிலடெல்பியாவில் பழைய செங்கல் வீடொன்றில், கண்ணொளி இழந்த தங்கையார் லில்லியனோடு வாழ்ந்தார். வருவார் போவார் குறைந்தனர். தாம் இந்நாளைத் தொடங்கியதற்காகவே வருந்துவதாக அவர் கூறினார் என்றும், அதனை நீக்குமாறு கோரி வீடுதோறும் சென்று கையொப்பம் வாங்க முயன்றார் என்றும் சொல்லப்படுகின்றது. கண்பார்வையும் செவிப்புலனும் குன்றின, கைப்பொருள் அற்றது. தமது எண்பதாம் வயதையொட்டி, வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரிலுள்ள மார்ஷல் ஸ்குவேர் நோயாளர் விடுதியில் நண்பர்களால் சேர்க்கப்பட்டார். அங்கே அவரைப் பேணிய செலவில் ஒரு பகுதியை மலர் வணிகர் ஏற்றனர் என்றும், அதனை அவர் அறியார் என்றும் கூறுவர். இது மெய்யாயின், அவர் வாழ்க்கையில் இதனினும் கசப்பான முரண் வேறில்லை.

1948ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் நாள் அவர் தமது எண்பத்துநான்காம் வயதில் காலமானார். பிலடெல்பியாவை அடுத்த வெஸ்ட் லாரல் ஹில் கல்லறைத் தோட்டத்தில், தாயாரின் பக்கலிலே அடக்கம் செய்யப்பெற்றார். அன்று கிராப்டன் ஆண்ட்ரூஸ் ஆலயத்து மணி எண்பத்துநான்கு முறை ஒலித்ததாம். அவ்வாலயம் 1962ஆம் ஆண்டில் அன்னையின் நாளுக்குரிய அனைத்துலக நினைவாலயமாக அர்ப்பணிக்கப்பட்டது.

விழாவின் பரவல்

அவர் ஏற்றிய விளக்கு கடல் கடந்தும் ஒளிர்ந்தது. இங்கிலாந்தில் லெந்து காலத்தின் நான்காம் ஞாயிற்றுக்கிழமையில் மக்கள் தம் தாய்த்திருச்சபையை நாடிச் செல்லும் பண்டை வழக்கம் ஒன்று இருந்தது. பிறர் வீடுகளில் ஊழியம் புரிந்த சிறுவர் சிறுமியர் அன்று விடுமுறை பெற்று, வழியில் மலர் பறித்துக்கொண்டு, பெற்ற தாயைக் காணச் செல்வர். காலப்போக்கில் அது மங்கியது. போதகர் ஒருவரின் மகளாகிய கான்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் ஸ்மித் அம்மையார், அன்னா அம்மையாரின் முயற்சியைப் பத்திரிகையிற் படித்து, அமெரிக்க வழக்கத்தை அப்படியே ஏலாமல், தம் நாட்டுப் பண்டை விழாவையே மீண்டும் உயிர்ப்பித்தார். மெக்ஸிகோ நாட்டார் 1922ஆம் ஆண்டு முதல் மே மாதம் 10ஆம் நாளைத் தாய்க்குரிய நாளாகக் கொண்டாடி வருகின்றனர். ஒரு மகளின் துயரம் இவ்வாறு பல தேசங்களின் திருநாளாயிற்று.

முடிவுரை

அன்னா அம்மையார் வென்றாரா, தோற்றாரா என வினவின் விடை கூறுதல் அரிது. கடைத்தெருவை நோக்குவார் அவர் தோற்றார் என்பர். நாளை நிறுவியதில் வென்றார். அதனைக் காப்பதில் தோற்றார் என்பதே நடுநிலை கூறுவார் துணிபு. யாம் கருதுவதோ வேறு. அவர் தொடுத்த வினா இன்னும் நம்முன் நிற்கின்றது. அதற்கு நாம் ஒவ்வொருவரும் தரும் விடையிலேதான் அவர்தம் வெற்றியும் தோல்வியும் உள்ளன.

நம் ஆண்டவர் காலத்து யூதருள் சிலர், பெற்றோர்க்கு உதவவேண்டிய பொருளைக் கொர்பான் எனக் காணிக்கைப் பெயரிட்டு, அதனாலே பெற்றோரைப் பேணும் கடனினின்றும் தப்பினர். அவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு சுவிசேஷத்திற் காண்கின்றோம். தாய்க்குத் தரவேண்டிய தன்னைத் தராமல், தனக்கு மாறாக ஒரு பொருளை அனுப்பிக் கடன் தீர்ந்ததென எண்ணுவானும் அவர்கட்கு இனமானவனே. அன்னா அம்மையார் பகைத்தது மலரையன்று. மலரை அனுப்பிவிட்டுத் தான் வாராதிருக்கும் மகனையே. இதனை அவர் மகளாரின் ஒருமை நமக்குக் கற்பித்த பாடம் எனக் கொள்வோம். ஆயின், தன் தாயைப் போற்றுவான் பிறர்தம் தாயின் பசியையும் நோயையும் கண்டு வாளாவிருத்தலாகாது. இஃது ஆன் அம்மையாரின் பன்மை நமக்குக் கற்பிக்கும் பாடம். இரண்டும் கூடினாலன்றி அன்னையின் நாள் நிரம்பாது.

நண்பர்காள்! மே மாதத்து இரண்டாம் ஞாயிறு வருங்கால் நம்முட் பெரும்பாலார் கோடை விடுமுறையில் நம் வீடுகளில் இருப்போம். அன்று தாய்க்கு ஏதேனும் செய்வது எளிது. விடுதியில் தங்கியிருக்கும் எஞ்சிய மாதங்களிலோ, பணம் வேண்டும்போதன்றி வீட்டை நினையாதார் நம்முள் இலர் என்று யாம் உறுதி கூறமாட்டோம். எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம். இவ்வரலாற்றைப் படித்து முடித்தவர், இவ்விதழை மூடிவைத்துவிட்டு, தம் தாயார்க்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதுவாராக. எழுத்தறியாத தாயாராயினும், அண்டை வீட்டார் படித்துக்காட்டக் கேட்டு, அதனை மடித்துப் பெட்டியிலே வைத்துப் போற்றுவார். தாயை இழந்தவர், தாயற்றார் ஒருவர்க்கோ, மக்களாற் கைவிடப்பட்ட முதியவர் ஒருவர்க்கோ தம்மால் இயன்றதனைச் செய்வாராக. கிராப்டன் ஆலயத்து ஓய்வுநாட் பள்ளியில் எழுந்த அச்சிறு செபம் நம்மிடத்தும் நிறைவேற இறைவன் அருள்வானாக.